அறுபதும் எழுபதும்

சுங்காய்ப் பட்டணத்தின் பழைய பெருஞ்சாலையோரக் கடைவீடு ஒன்றில், உரமும் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளும் மருந்தடிக்கும் பம்பும் விற்று வந்தது ஒரு தமிழ்க் குடும்பம். 1994ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின், ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடிய வண்டிகளுள் பெரும்பாலானவை ஊருக்குப் புறத்தே ஒதுங்கிப் போயின. வழிப்போக்கரை நம்பியிருந்த உணவுக்கடைகள் தளர்ந்தன. இந்தக் கடை தளரவில்லை. இதன் வாடிக்கையாளர் சாலையில் வருவோர் அல்லர். பீடோர், துரோலாக், சிலிம் ரிவர் தோட்டங்களிலும் பெசுட் நிலக்குடியேற்றத்திலும் அமர்ந்தபடி தொலைபேசியில் அழைப்போர். தோட்டத்தின் உட்பகுதிகளில் கைப்பேசி சரிவர எட்டாத காலம் அது. கிராணி அலுவலக மேசையிலிருந்து அழைப்பார். சரக்கையும் எண்ணிக்கையையும் சொல்வார். மறுநாள் லோரி போய்ச் சேரும். எழுத்தில் ஒரு வரியும் இராது. கடையின் நாணயம் முழுவதும் அந்தச் செம்புக் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது எனலாம்.

சுவரில் பழுப்பேறிய மையப் பெட்டி ஒன்று. வெளியிலிருந்து இரண்டு லைன்கள் அதனுள் நுழையும். அதிலிருந்து நான்கு தொலைபேசிகளுக்குக் கிளைகள் பிரியும். முகப்பு மேசையில் ஒன்று, பெரியவர் அறையில் ஒன்று, பின்புறக் கிடங்கில் ஒன்று, மாடி வீட்டில் ஒன்று. பெரியவர் கடைக்கு உரியவர். மகன் லோரி ஓட்டிச் சரக்குச் சேர்ப்பவர். முகப்பு மேசையில் அமர்ந்து அழைப்புகளை ஏற்றுக் கணக்கெழுதியவள் மருமகள்.

குறை முதலில் எதிர்முனையிலிருந்துதான் வந்தது. "அம்மா, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார் ஒரு கிராணி. மற்றொருவரும் அவ்வாறே சொன்னார். அவள் குரலை உயர்த்தினாள். இரண்டு வாக்கியம் கடந்ததும் அது தானே தாழ்ந்துவிட்டது. பெரியவர் வேடிக்கையாக, "இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வருது, குரல்தான் வரல" என்றார். எல்லாரும் சிரித்தனர். நாளடைவில் அந்த வேடிக்கை அவளுடைய இயல்பின் குறையாகவே நிலைத்துவிட்டது. பெண் அடக்கமாகப் பேசவேண்டும் என்று மணவறை வரையில் கற்பித்துவிட்டு, அதே பெண் கடைமேசையில் அமர்ந்த மறுநாளே உரக்கப் பேசவில்லையே என்று குறைப்படுவதை என்னென்பது!

பெரியவர்பால் வந்த குறையோ நேர்மாறானது. அவர் பேசினால் சாலையின் எதிர்ப்புறக் காப்பிக்கடைக்குக் கேட்கும். "முதலாளி, எம்மேல ஏதும் கோபமா?" என்று வாடிக்கையாளர் ஒருவர் மகனைத் தனியே அழைத்துக் கேட்டார். பெரியவருக்குக் கோபம் இல்லை. தொலைபேசியில் குரல் மெலிந்து வருவதாக அவர் எண்ணினார். தமக்குக் குறைவாகக் கேட்பதால் பிறர்க்கும் அவ்வாறே கேட்கும் என்று கருதினார். பேச்சுக்கு நடுவே ரிசீவரை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி மீண்டும் காதில் வைப்பது அவர் வழக்கம். முகப்பு மேசைக்கு வந்தாலும் அங்குள்ளதையும் தட்டுவார்.

மகன் தன்னால் இயன்றதைச் செய்து பார்த்தார். எல்லாத் தொலைபேசிகளிலும் ஒலியளவை உச்சத்திற்கு ஏற்றினார். அது போதாதென்று, முன்பு வந்த பழுதுபார்ப்பவர் ஒருவர் மையப் பெட்டியின் உள்ளமைப்பிலேயே வெளி லைன்களின் ஒலிப்பெருக்கத்தைக் கூட்டிவிட்டுப் போயிருந்தார். அதற்குப்பின் சில அழைப்புகளில் பேசியவர் குரலே திரும்பி வந்து மோதியது. சில நேரங்களில் கருவி நாய்போல் ஊளையிட்டது. குரல் மட்டும் தெளியவில்லை.

இந்நிலையில்தான் எழுபது மூட்டை விவகாரம் நேர்ந்தது. தோட்டமொன்றிலிருந்து யூரியா உரத்திற்கு அழைப்பு வந்தது. பெரியவர் தம் அறையில் ஏற்றார். அங்கிருந்தபடியே "எழுபது" என்று உரக்கச் சொன்னார். மருமகள் முகப்பில் அமர்ந்து குறிப்பேட்டில் எழுபது என்று எழுதினாள். லோரி போயிற்று. கிராணி அறுபதை இறக்கிக்கொண்டு, "அறுபதுதானே கேட்டேன்" என்று பத்தைத் திருப்பிவிட்டார். திரும்பும் வழியில் மழை. கிழிந்திருந்த மூட்டைகளில் நீர் புகுந்து உரம் கட்டி தட்டிப் போயிற்று. பத்து மூட்டையின் விலை பெரிதன்று. ஆனால் அந்த மாதம் முதல் அத்தோட்டத்தின் கணக்குப் பீடோரில் உள்ள வேறொரு கடைக்குப் போய்விட்டது. பல்லாண்டுத் தொடர்பு அது.

குறிப்பேட்டில் இருந்தது மருமகளின் கையெழுத்து. அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஈப்போவிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது கடந்தவர். இளமையில் அரசாங்கத் தொலைத்தொடர்புத் துறையில் சேர்ந்து, 1987 சனவரி முதல் நாள் அத்துறை நிறுவனமாக மாறியபோது தாமும் அதனுடன் மாறி, பிற்பாடு விலகித் தனியே பழுதுபார்க்கும் தொழில் செய்பவர். திருப்புளியை எடுப்பார் என்று எல்லாரும் பார்த்திருக்க, அவர் ஒரு பள்ளிப்பிள்ளைக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"சத்தம் குறைவு" என்றார் மகன்.

"யாருக்கு?" என்றார் வந்தவர்.

இந்த ஒரு கேள்வியை அதுவரையில் எவரும் கேட்டிருக்கவில்லை. "சத்தம் குறைவு" என்பது இலக்கணப்படியும் குறைபட்ட வாக்கியமே அன்றோ! யாருடைய குரல், யாருடைய காதுக்கு, எந்தக் கருவியில், எந்த லைனில் என்பன இல்லாமல் அதற்குப் பொருள் கொள்ள இயலாது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் பேசினால் எப்படி? முதல் லைனிலா, இரண்டாம் லைனிலா? மழைக்குப் பின் மிகுகிறதா? ஒரே வாடிக்கையாளர் குறை சொல்கிறாரா, எல்லாருமா? அரைமணி நேரத்தில் ஒரே நோயாகத் தோன்றியது நான்கு நோயாகப் பிரிந்துவிட்டது. பாதி வேலை அங்கேயே முடிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அடுத்து அவர் செய்ததும் பிரித்தறியும் வேலையே. மையப் பெட்டியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, தாம் கொண்டுவந்த எளிய தொலைபேசி ஒன்றை வெளியிலிருந்து வரும் கம்பியில் நேரே பூட்டினார். அதில் குரல் தெளிவாக இருப்பின் குற்றம் கடைக்குள்ளே. அதிலும் மெலிந்திருப்பின் குற்றம் வெளியே. தொலைபேசி நிலையம் செம்புக் கம்பியில் அனுப்புவது ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தம். வழியில் துருப்பிடித்த இணைப்பொன்று இருந்தால் மின்னோட்டம் தளர்ந்து, குரலும் தளர்ந்து, இரைச்சலும் சேரும். முதல் லைன் தூய்மையாக இருந்தது. இரண்டாம் லைனில் வறுகடலை பொரிவது போன்ற ஓசை. கூரையிறவாரத்தின் கீழிருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே எறும்புக் கூடு. நம் நாட்டு ஈரக்காற்றிலும் இடிமழையிலும் கம்பிக்கு நேரும் துன்பங்களுள் இது சிறியதே. கூட்டைத் துடைத்து, கம்பி முனைகளைச் சீவிப் புதிதாகப் பூட்டியதும் பொரிச்சல் நின்றது.

பின் முகப்பு மேசைக்கு வந்தார். மருமகளைப் பேசச் சொல்லித் தாம் கிடங்கிலிருந்து கேட்டார். மெலிந்த குரல்தான். பிறகு அவள் இருக்கையில் தாமே அமர்ந்து பேசிப் பார்த்தார். சில வாக்கியங்களில் அவர் குரலும் தாழ்ந்தது. அப்போதுதான் அவர் முகத்தில் சிறிது ஒளி தோன்றியது.

தொலைபேசியில் பேசும்போது நம் குரல் எதிர்முனைக்கு மட்டும் செல்வதில்லை. அதில் ஒரு சிறு பங்கு நம் காதுக்கே திரும்பி வருகிறது. தொழிலில் இதனைச் சைட்டோன் என்பர். அது முற்றும் இல்லாவிடில் கருவி செத்துப்போனதாகத் தோன்றும், நாம் கத்துவோம். அளவுக்கு மிஞ்சினாலோ, நாம் உரக்கப் பேசுவதாக நமக்கே தோன்றி, அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். மனிதன் தன் செவி காட்டும் அளவைக்கொண்டே தன் குரலை அளக்கிறான். சுற்றிலும் இரைச்சல் மிகும்போது குரல் தானே உயர்வதை எத்தியேன் லொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1911ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் விளக்கினார். சந்தையில் பேசி வீடு திரும்பியவர் வீட்டிலும் சிறிது நேரம் கத்துவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். முகப்பு மேசையில் நடந்தது அதன் மறுதலை. அவள் காதில் அவள் குரலே பெரிதாக ஒலித்தது. எதிர்முனைக்குப் போனதோ சிறிது. "சத்தமாப் பேசு" என்று ஆயிரம் முறை சொன்னாலும், அவள் செவி "இது போதும்" என்று ஒவ்வொரு கணமும் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஏன் அவ்வாறாயிற்று? அவர் ரிசீவரைத் திருப்பிப் பார்த்தார். தொலைபேசி ஒரு தயாரிப்பு. ரிசீவர் வேறொரு தயாரிப்பு.

"பழசு ஒடஞ்சு போச்சு அண்ணே. ஈப்போவுல ஒண்ணு வாங்கி மாட்டினேன், சரியாப் பொருந்திச்சு" என்றார் மகன்.

துளையில் பொருந்துவது வேறு; மின்னமைப்பில் பொருந்துவது வேறு. ஒலிவாங்கியின் உணர்திறனும் செவிப்பகுதியின் திறனும் கருவிக்குக் கருவி மாறுபடும். வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருந்து ஒலியில் உறவற்றுப் போன அந்த ரிசீவர்தான் இரண்டாண்டுகளாக ஒரு பெண்ணின் குரலை விழுங்கிக்கொண்டிருந்தது.

"பழசு எப்படி ஒடஞ்சுச்சு?" என்று வந்தவர் கேட்டார்.

யாரும் விடை கூறவில்லை. மகன் பெரியவர் அறைப்பக்கம் ஒருமுறை பார்த்தார், அவ்வளவே.

பெரியவரின் தட்டும் பழக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அவர் சிறுவனாகத் தோட்டத்து அலுவலகத்தில் எடுபிடி வேலை செய்த காலத்துத் தொலைபேசிகளில் ஒலிவாங்கி என்பது கரித்துகள் நிரப்பிய சிறு சிமிழ். குரல் மோதும்போது துகள்கள் நெருங்கியும் விலகியும் மின்னோட்டத்தை அலைக்கும். நாட்பட அவை ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும், குரல் மங்கும். அப்போது ஒரு தட்டுத் தட்டினால் துகள்கள் உதிர்ந்து குரல் மீளும். கிராணி தட்டுவதைச் சிறுவன் பார்த்தான்; அறுபது வயதிலும் அதையே செய்தான். கரித்துகள் இல்லாத புதுக் கருவிக்குத் தட்டு மருந்தன்று, அடி. பழைய தலைமுறையின் அறிவு பலவும் இவ்வாறுதான் கருவி மாறியது அறியாமல் கைப்பழக்கமாக நின்றுவிடுகிறது. அதனை அறியாமை என்று எள்ளுவதற்கில்லை.

வந்தவர் தம் பையிலிருந்து அதே தயாரிப்பின் பழைய ரிசீவர் ஒன்றைத் தேடியெடுத்து முகப்பில் மாட்டினார். மையப் பெட்டியில் ஏற்றி வைத்திருந்த ஒலிப்பெருக்கத்தை முன்னிருந்த அளவிற்கே இறக்கினார். "கூட்டுறதுக்குத்தானே கூப்பிட்டோம், கொறைக்கிறாரே" என்று மகன் திகைத்தார். கூட்டியது குரலை மட்டுமன்று. இரைச்சலையும், திரும்பி வரும் எதிரொலியையும் சேர்த்தே. மூன்று டெசிபல் கூட்டினால் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். காதுக்கோ இரு மடங்காகத் தோன்றப் பத்து டெசிபல் வேண்டும். ஆகவே கொஞ்சம் கேட்க நிறையக் கூட்டி, முடிவில் ஊளையை வாங்குவதே மிச்சம். கிடங்குத் தொலைபேசி விசிறிக்கு நேர் கீழே இருந்தது. அதைக் கதவோரம் மாற்றினார். அங்கே வேறு குறையில்லை.

எஞ்சியது பெரியவர் அறை.

அந்தத் தொலைபேசியில் எப்பழுதும் இல்லை. வடம், ரிசீவர், ஒலியளவு எல்லாம் செம்மை. ஆயினும் பெரியவர் காதில் வைத்ததும், "இன்னும் கம்மியாத்தான் கேக்குது தம்பி" என்றார். முகப்புத் தொலைபேசியைக் கொண்டுவந்து மாற்றிப் பூட்டினார். அதுவும் கம்மி. பெரியவரின் தொலைபேசியை முகப்பில் பூட்டியபோது மருமகளுக்குத் தெளிவாகக் கேட்டது. பழுது கருவியோடு இடம் மாறவில்லை, ஆளோடு நின்றுவிட்டது. வந்தவருக்கு விளங்கிவிட்டது. அதனை எவ்வாறு சொல்வது என்பதுதான் அந்த நாளின் கடினமான வேலை.

"ஐயா, முன்னால என்ன வேலை பாத்தீங்க?"

"ஆயில் மில்லுல. இருபத்திரண்டு வருஷம். பாய்லர் பக்கம்."

செம்பனை ஆலையின் உள்ளே நின்றவர்களுக்கு அவ்விரைச்சல் எத்தகையது எனத் தெரியும். பழம் அவிக்கும் கலன் நீராவியைக் கக்கும். பிழிபொறி இடைவிடாது அரைக்கும். இருவர் பேச ஒருவர் காதருகே மற்றவர் வாய் வைத்தாக வேண்டும். ஆலை இரைச்சலுக்கென மலேசியாவில் விதிகள் இயற்றப்பட்டது 1989ஆம் ஆண்டில். எட்டு மணிநேர வேலைக்கு 90 டெசிபல் என்பது அவற்றின் எல்லை. 2019 சூன் முதல் நடப்பில் உள்ள புதிய விதிகள் அதனை 85 ஆகக் குறைத்துள்ளன. ஐந்துதானே என்று எண்ணுதல் கூடாது. ஒலியாற்றலில் அது மும்மடங்கு வேறுபாடு. பெரியவர் ஆலையில் சேர்ந்த காலத்திலோ காதில் பஞ்சு வைத்துக்கொண்டவனைக் கோழை என்று நகைத்தார்கள்.

இரைச்சல் செவியை ஒரே சீராகக் கெடுப்பதில்லை. நொடிக்கு 4000 அதிர்வுகளை ஒட்டிய உயர்ந்த ஒலிகளை உணரும் பகுதியே முதலில் மாளும். தொலைபேசியோ இயல்பிலேயே 300 முதல் 3400 வரையிலான அதிர்வுகளை மட்டும் கடத்துவது. சகரத்தின் சீறொலியில் பெரும்பங்கு அவ்வெல்லைக்கு அப்பால் நின்றுவிடும். மகரமும் னகரமும் மயங்கும். நல்ல செவி எஞ்சியதைக்கொண்டு விட்டதை நிரப்பிக்கொள்ளும். ஆலையில் தேய்ந்த செவிக்கு அந்த எஞ்சியதிலும் மேற்பகுதி இல்லை. குரல் இருப்பது தெரியும். சொல் இன்னதென்று தெரியாது. உயிரொலி நிற்கும், மெய்யொலி உதிரும். அறுபது, எழுபது என்னும் இரண்டு சொற்களுக்கும் பின்பாதி ஒன்றே. வேறுபாடு முழுவதும் முன்பாதியின் இரண்டு எழுத்துகளில் அடங்கியது.

வந்தவர் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. "லைன ஒரு தடவ சோதிக்கணும் ஐயா. நான் முகப்புலேருந்து பத்து நம்பர் சொல்றேன், கேட்டத எழுதுங்க" என்றார். தாம் சொல்லவிருந்த எண்களைக் குறிப்புப் புத்தகத்தில் முன்னரே எழுதிக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டுப் படித்தார். பின் அறைக்குள் சென்று, இரண்டு தாள்களையும் மேசைமேல் அருகருகே வைத்துவிட்டு, வடத்தைச் சுருட்டும் பாவனையில் திரும்பி நின்றுகொண்டார்.

பத்தில் நான்கு பிழை. மூன்றாம் வரியில் ஒரு தாளில் அறுபது, மற்றொன்றில் எழுபது.

தொலைபேசிக்கு 1876ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், காது கேளாதவர்களுக்குப் பேச்சுப் பயிற்றிய ஆசிரியர். அவர் அன்னைக்குச் செவிப்புலன் குன்றியிருந்தது. மறு ஆண்டு அவர் மணந்த மேபல், ஐந்து வயதில் கண்ட காய்ச்சலால் கேட்கும் ஆற்றலை இழந்தவர். கணவரின் கருவியை உலகமே காதில் வைத்துக்கொண்டபோது அவர் மட்டும் கணவரின் உதட்டைப் பார்த்துச் சொல்லறிந்தார். அவ்வீட்டில் அது நாணத்தக்க செய்தியாக இருக்கவில்லை. நம் வீடுகளில் கண்ணாடி அணிவது படிப்பின் அடையாளம். காதுக்கருவி அணிவது மட்டும் முதுமையின் தோல்வி.

பெரியவர் தாள்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு முகப்புக்கு வந்து பழைய குறிப்பேட்டைக் கேட்டார். மருமகள் எடுத்துக் கொடுத்தாள். பக்கங்களைப் புரட்டி அந்த நாளின் வரியைக் கண்டார். அதன்மேல் விரலை வைத்தபடி நின்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் தலைமுறையின் ஆண்களுக்கு நாவில் எளிதாக வருவதன்று.

"அம்மா, இனிமே நம்பர் எல்லாம் நீயே எடு. எடுத்தத அவங்களுக்குத் திருப்பிச் சொல்லு. ஆறு கோசோங்னு ஒண்ணொண்ணாச் சொல்லு" என்றார்.

"சரி மாமா" என்றாள் அவள். கடை முழுவதும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து, செவிப்பகுதியில் தனி ஒலிப்பெருக்கி அமைந்த தொலைபேசி ஒன்று பெரியவர் மேசைக்கு வந்தது. ஈப்போவில் காது சோதிக்கும் இடத்திற்கு நாள் குறித்தாயிற்று. முதல் முறை லோரிக்கு வேலையிருப்பதாகச் சொல்லி அவர் போகவில்லை, இரண்டாம் முறை மருமகள் உடன் வர, போனார். புதுக் கருவியில் எதிர்முனைக் குரலோடு அவர் குரலும் சற்றுப் பெருகி அவர் காதுக்கே வந்தது. கத்தவேண்டிய தேவை அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் காலையில் அவர் தாமே எண்களை அழுத்தி, பீடோர்க் கடைக்குப் போய்விட்ட தோட்டத்துக் கிராணியை அழைத்தார்.

"வணக்கம் கிராணியாரே. சுங்காயிலிருந்து பேசுறேன்" என்றார்.

எதிர்முனையில் சிறிது தயக்கம்.

"வணக்கம். யாரு பேசுறது? முதலாளி இல்லீங்களா?"